வாசலில் நிற்பவருக்கு என்ன வேலை? ஜார்ஜ்டவுன் சிலைகளையும் சின்னங்களையும் படிக்க ஒரு வழிகாட்டி

குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, கைப்பேசியில் இரண்டு படம் எடுத்து, கழுத்தைத் தடவிக்கொண்டே நகர்பவர்களை எந்த நாளும் பார்க்கலாம். "நிறைய சாமி இருக்கு" என்பதைத் தாண்டி அவர்கள் கையோடு எதுவும் போவதில்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்களும் இதற்கு விலக்கில்லை. தினமும் கும்பிடுவதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும், புராணத்தையும் மந்திரத்தையும் கல்லிலும் சுதையிலும் (சுண்ணாம்புக் காரைச் சிற்பம்) பீங்கானிலும் படித்துப் பழக இந்த ஊரைப் போல வசதியான இடம் குறைவு. 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில், 1800 வாக்கில் எழுந்த, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம் கோயில், 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகிய மூன்றும் பிட் ஸ்ட்ரீட்டை ஒட்டிப் பத்து நிமிட நடையில் அடங்கிவிடும். இன்னும் கொஞ்சம் நடந்தால் கூ கொங்சி என்ற சீனக் குலக் கோயில். 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

முதலில் கேள்வியை மாற்றுங்கள்

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு அகராதிப் பதில்தான் வரும்: தாமரை என்றால் தூய்மை, சிங்கம் என்றால் வீரம். அதை வைத்துக்கொண்டு ஒரு கோபுரத்தையும் படிக்க முடியாது.

"இங்கே இதற்கு என்ன வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். பாம்பை எடுத்துக்கொள்வோம். மாரியம்மன் தலைக்கு மேல் ஐந்து தலையோடு விரிந்தால் அது குடை. துவாரபாலகரின் கதாயுதத்தில் சுற்றியிருந்தால் எச்சரிக்கை. சிவன் கழுத்தில் நகை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறும் காவடிக்கு மூலமான இடும்பன் கதையிலோ, சிவகிரியையும் சக்திகிரியையும் தண்டில் கட்டித் தூக்க உதவிய கயிறு. பாம்பு ஒன்றுதான், வேலை நான்கு. "பாம்பு எதைக் குறிக்கிறது" என்று கேட்டவருக்கு இந்த நான்கில் ஒன்றும் அகப்படாது.

வேலைகளும் எண்ணி முடிக்கக்கூடியவைதான். காவல் காப்பது, நல்லதை அழைப்பது, உள்ளே இருப்பவர் யார் என்று அறிவிப்பது, கதை சொல்வது, கண்ணேறு கழிப்பது. ஒரு உருவத்தைப் பார்த்ததும் இந்த ஐந்தில் எது என்று முடிவு செய்யுங்கள். பெயர் அப்புறம் வரட்டும்.

கையில் வேண்டியவை, போக வேண்டிய நேரம்

8 மடங்கு பெரிதாக்கும் சிறிய பைனாகுலர் ஒன்று. 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கத்தில் படம் ஆடும். கைப்பேசி ஜூம் உதவும் என்று நம்பிப் போகாதீர்கள். மேல்தளத்துச் சிலையின் கையில் இருப்பது மழுவா மலரா என்று அதில் தெரியாது. ஒரு நோட்டு, மை பேனாவுக்குப் பதில் பென்சில் (வியர்வையில் மை கலையும்), ஒரு போத்தல் தண்ணீர். டார்ச் வேண்டாம். சன்னிதிக்குள் வெளிச்சம் அடிப்பது மரியாதை இல்லை, அடித்தாலும் எண்ணெய்ப் பளபளப்பில் விவரம் மறைந்துவிடும்.

மாரியம்மன் கோயில் கோபுரம் குயின் ஸ்ட்ரீட் பக்கம், அதாவது கடல் இருக்கும் கிழக்குத் திசை நோக்கி நிற்கிறது. காலை 8 மணியிலிருந்து 9.30 வரை வெயில் சாய்வாக விழுவதால் சுதையின் மேடுபள்ளம் நிழலோடு தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். மாலையில் வெளிச்சம் பின்னாலிருந்து வரும், சிலைகள் கறுப்பு வடிவங்களாக நிற்கும். எதிர் அஞ்சடிக்கு (கடைகளின் முன்புள்ள நடைபாதைக்கு) போய் நின்று பாருங்கள். கோபுரத்தின் காலடியில் நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் கால்கள் நீண்டு, தலை சிறுத்து, அளவெல்லாம் பொய்யாகிவிடும்.

வாசலில் தொடங்குங்கள்

மந்திரம் அதிகம் தேவைப்படும் இடம் வாசல். உள்ளே தெய்வம் இருக்கிறது, வெளியே தெரு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் கண்ட கண்ட சக்தியும் நுழையாமல் தடுக்க வேண்டும். அதனால் எந்த மரபிலும் கலைஞர்களின் கற்பனை வாசலில்தான் கொட்டிக் கிடக்கும். கருவறையில் அவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே சிற்ப சாத்திரத்தின் அளவு மட்டுமே பேசும்.

துவாரபாலகரின் கைகளைப் பாருங்கள். ஒரு கையின் ஆட்காட்டி விரல் நிமிர்ந்திருக்கும்: "ஜாக்கிரதை." இன்னொரு கை வியப்பில் விரிந்திருக்கும்: "உள்ளே இருப்பவரின் பெருமையைச் சொல்லி முடியாது." ஒரு கால் மடங்கிக் கதாயுதத்தின் மேல் கிடக்கும். வாயோரம் கோரைப்பல். இதோடு அவர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் தெய்வத்தின் சின்னங்களை இவர்களும் தாங்கி நிற்பதால், உள்ளே போகாமலே அங்கே யார் என்று சொல்லிவிடலாம். பின் கைகளில் சங்கும் சக்கரமும் இருந்தால் பெருமாள். அந்தக் காவலர்கள் ஜெயனும் விஜயனும். திரிசூலச் சாயல் தெரிந்தால் சிவன். காவல் நிற்பவர்கள் பெண்களாக இருந்தால் அம்மன்.

அடுத்து, வாசலுக்கு மேலே, கோபுரத்தின் உச்சி வளைவிலும், சிலைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் திருவாசியின் நடு உச்சியிலும் ஒரு முகம் இருக்கும். பிதுங்கிய கண், கொம்பு, மேல் வரிசைப் பல். உடம்பு கிடையாது. பைனாகுலரில் கீழ்த்தாடையைத் தேடுங்கள், பெரும்பாலும் அதுவும் இருக்காது. இதுதான் கீர்த்திமுகம்.

கதை தெரிந்தால்தான் அந்த இல்லாத தாடை புரியும். ஜலந்தரன் என்ற அசுரன் பார்வதியைத் தனக்குத் தரும்படி கேட்டு ராகுவைத் தூது அனுப்பினான். சிவனின் சினத்திலிருந்து, பசியே உருவான சிங்கமுகப் பூதம் ஒன்று வெடித்து வந்தது. ராகு அஞ்சிச் சிவனிடமே அடைக்கலம் கேட்க, அவர் விடுவித்தார். "அப்படியானால் நான் எதைத் தின்பேன்?" என்றது பூதம். "உன்னையே தின்" என்றார் சிவன். அது வாலில் தொடங்கிக் கால், வயிறு, மார்பு என்று தின்றுகொண்டே போய், கடைசியில் முகம் மட்டும் மிஞ்சியது. கேட்டபடியே செய்த அந்த முகத்துக்குக் கீர்த்தி என்று பெயர் கொடுத்து வாசலில் அமர்த்தினார். தன்னையே தின்ற பசிக்கு முன்னால் எந்தத் தீய பார்வை நிற்கும்? அதுதான் அதன் வேலை.

இதே முகம் ஜாவாவின் பழைய கோயில்களில் காலன் என்ற பெயரில் வாசல் மேல் உட்கார்ந்திருக்கிறது. மத்திய ஜாவாவில் கீழ்த்தாடை இல்லாமல், பின்னர் வந்த கிழக்கு ஜாவா கோயில்களில் தாடையோடு. சயாம் மரபில் அது நிலவை விழுங்கும் ராகுவாகிவிட்டது. கதையில் தப்பி ஓடியவனே வாசலைப் பிடித்துக்கொண்டான் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஒரே ஒரு சிலை, 20 நிமிடம்

கோபுரம் முழுவதையும் ஒரே நாளில் படிக்கப் பார்க்காதீர்கள். கீழ்த்தளத்தில் ஒரு சிலையைத் தேர்ந்தெடுத்துக் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். வரிசை முக்கியம்.

1. காலடி. எதன் மேல் நிற்கிறார்? எருமைத் தலையா, குள்ள உருவமா, தாமரையா?
2. வாகனம். பக்கத்திலோ பீடத்திலோ ஒரு விலங்கு அல்லது பறவை இருக்கும். சிறியதாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பும்.
3. பின் கைகள். நான்கு கை உருவங்களில் பெரும்பாலும் ஆயுதமும் அடையாளமும் இங்கேதான் இருக்கும்.
4. முன் கைகள். உள்ளங்கை நிமிர்ந்து நம்மைப் பார்த்தால் "அஞ்சாதே", விரல்கள் தாழ்ந்து உள்ளங்கை விரிந்தால் "கேள், தருகிறேன்."
5. தலை. சடையா, கிரீடமா, தீக்கொழுந்து போல எழும் கூந்தலா?
6. முகம். கடைசியாக.

முகத்தைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. கோபுரச் சுதையில் ஒரு சிற்பி எல்லாத் தெய்வத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே முகத்தைத்தான் வைப்பார். அதில் தொடங்கினால் எல்லாமே அம்மனாகவோ எல்லாமே முருகனாகவோ தெரியும்.

அடிக்கடி நடக்கும் பிழைகள் சில. பின் கைகளில் சங்கும் சக்கரமும் பார்த்த உடனே "பெருமாள்" என்று எழுதிவிடுவது. தமிழ்நாட்டு மரபில் துர்க்கையும் அவற்றை ஏந்துவாள். மார்புக்கச்சையும் காலடியில் எருமைத் தலையும் இருந்தால் துர்க்கை. காலடியை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அடுத்தது, மூன்று முகத்தைக் கண்டதும் குழம்புவது. பிரம்மாவுக்கு நான்கு முகம் என்றாலும் முன்னிருந்து மூன்றுதான் தெரியும். ஆறுமுகனுக்கும் பின்பக்க முகங்கள் மறைந்துவிடும். முகத்தை விட்டுவிட்டுக் கையை எண்ணுங்கள். நான்கு கையும் அன்னமும் என்றால் பிரம்மா. பன்னிரண்டு கையும் மயிலும் என்றால் சண்முகன். காளியையும் மாரியையும் மாற்றிக்கொள்வதும் நடக்கும்: மண்டையோட்டு மாலை, கோரைப்பல், காலடியில் மிதிபடும் உருவம் எல்லாம் காளிக்கு. மாரியம்மன் பெரும்பாலும் அமைதியாக உட்கார்ந்திருப்பாள். உடுக்கை, சூலம், கத்தி, கபாலக் கிண்ணம் நான்கும் அவள் கைகளில் இருக்கும்.

வண்ணத்தை நம்பாதீர்கள்

நீங்கள் பார்க்கும் பச்சையும் ரோஜா நிறமும் கோயிலின் வயதைச் சொல்லாது. சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குக்கு முன்னால் சாரம் கட்டி, உடைந்ததை ஒட்டி, புதிதாக வண்ணம் பூசுவார்கள். கலசங்களுக்குள் இருக்கும் வரகு முதலான தானியத்தையும் அப்போதுதான் மாற்றுவார்கள். ஒவ்வொரு பூச்சிலும் பூசுகிறவர் தமக்குப் புரிந்தபடி புரிந்துகொள்வார். சிவன் கையில் துள்ளும் மான் புள்ளி இழந்து ஆடாகும், இடுப்பில் சுற்றிய பாம்பு பச்சைத் துணியாகும், மழு தடியாகும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தின் விளிம்பைப் பின்தொடருங்கள். பாம்புபோல் படமெடுக்கத் துணியால் முடியாது. "துணி" ஒரு முனையில் அகன்று விரிந்தால் அது பாம்புதான்.

உடைசலும் ஏமாற்றும். சுதை உருவத்துக்குள் கையையும் ஆயுதத்தையும் தாங்க இரும்புக் கம்பி இருக்கும். பினாங்கு போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்றும் மழையும் விரிசல் வழியாகக் கம்பியை எட்டினால் அது துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் உள்ளிருந்தே சுதையைப் பிளக்கும். முதலில் போவது நீட்டிய கைகளும் மெல்லிய ஆயுதங்களும். அதாவது, அடையாளம் காணத் தேவையானவைதான் முதலில் போகும். மூடிய முஷ்டியில் மேலிருந்து கீழாக ஒரு துளை தெரிந்தால், அதில் உலோக வேலோ சூலமோ செருகியிருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். காலிக் கை என்று எழுதாதீர்கள்.

பயமுறுத்தும் உருவம் யாருக்காக?

மலேசியாவில் பல அம்மன் கோயில்களில் பெரியாச்சியைப் பார்க்கலாம். மடியில் கிழிந்த வயிற்றோடு ஒரு பெண், காலடியில் ஒரு ராஜா, உயர்த்திய கையில் ஒரு குழந்தை. முதன்முறை பார்ப்பவர் முகம் சுளிப்பார். வெளிநாட்டுப் பயணிகள் இதைக் கொடூரம் என்று எழுதி வைத்துவிட்டுப் போவதும் உண்டு.

இங்கேயும் கையைப் பின்தொடருங்கள். எல்லா வன்முறையும் கீழே இருக்கிறது, குழந்தை மட்டும் மேலே. வல்லாளன் என்ற கொடிய அரசனின் பிள்ளை மண்ணில் பட்டால் கேடு என்று ஒரு சாபம். பேறு பார்க்க வந்த பெரியாச்சி அரசனையும் அரசியையும் முடித்துவிட்டு, குழந்தையைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தாள் என்பது கதை. அந்த உயர்ந்த கைதான் சிலையின் மையம். அவள் கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் காவல். பிள்ளை பிறந்து 30 நாள் ஆனதும் கொண்டுவந்து அவள் முன் காட்டுவது பலர் வீட்டு வழக்கம். உருவத்தின் பயங்கரம் தாயை நோக்கியது இல்லை, தாயை நெருங்க வருவதை நோக்கியது. தோட்டப்புறத்து முனீஸ்வரரின் முறுக்கு மீசையும் அரிவாளும் அதே திசையைத்தான் பார்க்கின்றன.

சீனக் கூரை: காதால் படிப்பது

தமிழ்ச் சிற்பத்தைக் கையால் படிக்கிறோம் என்றால், சீன அலங்காரத்தைக் காதால் படிக்க வேண்டும். அதில் பாதி சிலேடை.

வௌவால் நமக்குப் பாழடைந்த வீட்டின் அடையாளம். சீனக் கோயில் கதவிலும் நாற்காலியிலும் கிண்ணத்திலும் அது ஏன் பறக்கிறது? பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியனில் வௌவாலுக்கான எழுத்தும் நற்பேறுக்கான எழுத்தும் ஒரே ஒலி: ஹோக். ஐந்து வௌவால் வட்டமாக இருந்தால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கத்தில் நாட்டம், நிம்மதியான முடிவு. மானுக்கும் அரசுப் பதவியின் ஊதியத்துக்கும் ஒரே ஒலி. மீனுக்கும் மிச்சத்துக்கும் மாண்டரினில் ஒரே ஒலி, பூச்சாடிக்கும் அமைதிக்கும் அப்படியே. பூச்சாடி ஒன்று காரணமில்லாமல் சுவரில் செதுக்கப்பட்டிருந்தால் அது வீட்டுக்கு அமைதியை அழைக்கிறது. எல்லாமே சிலேடை என்றும் எண்ணிவிடாதீர்கள். மாதுளை அதன் விதைகளுக்காக, அதாவது பிள்ளைச் செல்வத்துக்காக. பீச் பழம் நீண்ட ஆயுளுக்காக.

கெனன் ஸ்குவேரில் உள்ள கூ கொங்சிக்கு (நுழைவுக் கட்டணம் உண்டு) ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இன்றைய கட்டடம் 1906-இல் முடிந்தது. அதற்கு முந்தையது 1901-இல் எரிந்தது. சக்கரவர்த்தியின் அரண்மனை போல இருந்ததால் வானத்துக்குப் பொறுக்கவில்லை என்பது ஊர்ப் பேச்சு. அதனால்தான் இப்போதுள்ளதை அடக்கமாகக் கட்டினார்களாம். அடக்கமே இப்படி என்றால் முந்தையது எப்படி இருந்திருக்கும் என்று கூரையைப் பார்க்கும்போது கேட்கத் தோன்றும்.

அந்தக் கூரையில் மின்னுவது பெயின்ட் இல்லை, பீங்கான். வண்ணக் கிண்ணங்களைக் குறடால் நறுக்கி, இதழாகவும் செதிலாகவும் துண்டாக்கி, கம்பிக் கூட்டின் மேல் பூசிய ஈரச் சுண்ணாம்புக் காரையில் ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். உண்மையான கிண்ணத் துண்டைக் கண்டுபிடிப்பது எளிது. டிராகனின் செதில் ஒவ்வொன்றிலும் கிண்ணத்தின் வளைவு மிஞ்சியிருக்கும், வெயில் பட்டால் ஒவ்வொரு துண்டும் வேறு கோணத்தில் ஒளிரும். வண்ணம் பூசிய சிமெண்டில் அந்தச் சிதறல் வராது. பீங்கானின் நிறம் மங்காது, ஆனால் காரை மழையில் தளர்ந்து துண்டுகள் உதிரும். உதிர்ந்த இடத்தில் சாம்பல் நிறத் திட்டுகளைப் பார்ப்பீர்கள்.

கூரை முகட்டின் முனைகளில் மீனும் டிராகனும் கலந்த உருவம் தெரிந்தால் அதன் வேலை நெருப்பை விழுங்குவது. மரக்கூரைக்கு வேறு என்ன பயம்? வாசலில் கல் சிங்கங்களில் பந்தை மிதிப்பது ஆண், குட்டியை அணைப்பது பெண். கட்டடத்தைப் பார்த்து நிற்கும்போது ஆண் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே நுழைவதும் வலப்பக்க வாசலில், அது டிராகன் பக்கம். வெளியே வருவது இடப்பக்கம், அது புலி. வாசற்படிக் கட்டையை மிதிக்காமல் தாண்டுங்கள்.

கதவுப் பலகையில் ஆளுயரத்துக்கு வரைந்த இரண்டு படைத்தலைவர்கள் நம் துவாரபாலகருக்குச் சமம். தாங் பேரரசர் தைசோங் பேய்த் தொல்லையால் தூங்காமல் தவித்தபோது அவருடைய இரு தளபதிகள் விடியவிடிய வாசலில் நின்றார்கள். பிறகு அவர்களை எத்தனை இரவுதான் விழிக்க வைப்பது என்று படமாக வரைந்து ஒட்டினார்கள். பேய்க்கு வித்தியாசம் தெரியவில்லை. வெளிர்முகம் சின் ஷுபாவ், கறுத்த முகம் யூச்சி கோங். கூ கொங்சியில் இந்த மரபு ஒரு படி தள்ளிப் போயிருக்கிறது. அங்கே காவலுக்கு நிற்கும் கல் உருவங்கள் தலைப்பாகை கட்டிய சீக்கியர்கள். அந்தக் காலத்துப் பினாங்கில் பணக்காரர் வீட்டு வாசலில் நிஜமாக நின்றவர்கள் அவர்கள்தான். காவல் என்றால் யார் முகம் நினைவுக்கு வருகிறதோ அந்த முகத்தைச் செதுக்கிவிட்டார்கள்.

பள்ளிவாசலில் தேட வேண்டியது

தமிழக வணிகரான காதர் முகைதீன் தலைமையில் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் உருவம் தேடாதீர்கள். அங்கே திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத் துண்டைக் கண்டுபிடித்து, அதை நோட்டில் வரைந்து, அது எங்கே முடிந்து எங்கே மறுபடி தொடங்குகிறது என்று பாருங்கள். முடிவில்லாமல் நீளக்கூடிய கோலம் அது. சுவர் முடிவதால் மட்டும் நிற்கிறது. தொழுகை நேரம் தவிர்த்து, உடல் மறைக்கும் உடையோடு போங்கள்.

மூன்று மந்திரத்தில் ஒரே சதுரம்

இந்தத் தெருக்களில் கண்டுபிடிக்கக்கூடிய மிக அழகான விஷயம் எந்தக் கோபுரத்திலும் இல்லை. அது பூஜை அறைத் தரையில் இருக்கிறது. குபேரக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம்:

23 28 21
22 24 26
27 20 25

எந்தப் பக்கம் கூட்டினாலும் 72. இப்போது ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 19-ஐக் கழியுங்கள்:

4 9 2
3 5 7
8 1 6

இது சீனர்களின் லோ ஷு. லோ ஆற்றிலிருந்து எழுந்த ஆமையின் முதுகில் இருந்ததாக அவர்கள் சொல்லும் சதுரம், கூட்டுத்தொகை 15. எண் மட்டும் மாறவில்லை, நிற்கும் திசையும் மாறவில்லை. இனி மூலைகளை மட்டும் பாருங்கள்: 4, 2, 8, 6. அரபு எழுத்துகளின் எண் மதிப்பில் 2, 4, 6, 8 என்பவை பா, தால், வாவ், ஹா. சேர்த்துப் படித்தால் புதூஹ். இஸ்லாமிய உலகில் தாயத்துகளிலும், பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று கடித உறைகளிலும் எழுதிய சொல் அது.

உடனே "நம்மிடமிருந்து அவர்கள் எடுத்தார்கள்" என்று வாட்சப்பில் அனுப்பிவிடாதீர்கள், மறுபக்கமும் வேண்டாம். அடுத்தடுத்த ஒன்பது எண்களை மூன்றுக்கு மூன்று கட்டத்தில் எல்லாப் பக்கமும் சமமாக வைக்கக் கணக்கு அனுமதிக்கும் அமைப்பு ஒன்றே ஒன்றுதான். அதைத் திருப்பியும் கவிழ்த்தும் பார்த்தால் 8 தோற்றம் வரும், அவ்வளவே. யார் தனியாகத் தேடியிருந்தாலும் இங்கேதான் வந்து நின்றிருப்பார்கள். திசையும் ஒத்துப்போவது சுவையான விஷயம். ஆனால் அது எட்டில் ஒரு வாய்ப்பு; சாட்சி ஆகாது.

சதுரங்களையும் யந்திரங்களையும் கணக்காலேயே சோதிக்கலாம். கடையில் வாங்கும் ஸ்ரீசக்கரத் தகட்டில் மேல்நோக்கிய முக்கோணம் 4, கீழ்நோக்கியது 5 இருக்க வேண்டும். அவை வெட்டிக்கொண்டு 43 சிறு முக்கோணங்களை உண்டாக்க வேண்டும். பல இடங்களில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும். மலிவான அச்சில் அந்தப் புள்ளிகள் விலகி, இல்லாத குட்டி முக்கோணங்கள் கூடுதலாக முளைத்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

சீனக் கடை வாசல்களுக்கு மேலே தொங்கும் எண்கோணக் கண்ணாடிக்கும் ஒரு சோதனை உண்டு. அதைச் சுற்றி மும்மூன்று கோடுகளாக எட்டுக் குறிகள் இருக்கும். காவலுக்கு மாட்டும் கண்ணாடியில், உடையாத மூன்று கோடுகள் மேலே இருப்பதே வழக்கம். உடைந்த மூன்று கோடுகள் மேலே இருந்தால் பெரும்பாலும் ஆணி அடித்தவர் தலைகீழாக மாட்டிவிட்டார். அந்தக் கண்ணாடி வீட்டுக்கு வெளியே தெருவைப் பார்க்க வேண்டியது. நம் வீட்டு எலுமிச்சை மிளகாயும், முகம் வரைந்த பூசணியும், மாவிலைத் தோரணமும் அதே உயரத்தில், அதே திசை பார்த்துத் தொங்குவதை லிட்டில் இந்தியாவில் நடந்தபடியே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் நாள்: புலாவ் தீக்குஸ்

லோரோங் பர்மாவில் 1803-இன் பர்மியக் கோயிலும் 1845-இன் சயாம் கோயிலும் எதிரெதிரே நிற்கின்றன. வாசல் காவலை மட்டும் ஒப்பிட இதைவிட வசதி கிடையாது. இந்தப் பக்கம் சயாம் யட்சர்களும் நாகமும். அந்தப் பக்கம் பர்மியச் சிங்கமும், பல விலங்கின் உறுப்பைச் சேர்த்துச் செய்த பஞ்சரூபமும். தும்பிக்கை எதனுடையது, குளம்பு எதனுடையது, வால் எதனுடையது என்று எண்ணிக்கொண்டே வந்தால் நம் யாளி நினைவுக்கு வரும். சயாம் கோயிலின் 33 மீட்டர் நீளக் கிடந்த புத்தரைப் பார்க்கும்போது தலையோடு நிறுத்தாமல் பாதம் வரை நடந்து பாருங்கள். புத்தருக்குக் குடை பிடிக்கும் நாகம் எங்காவது தென்பட்டால் மாரியம்மன் தலைமேல் பார்த்ததோடு சேர்த்து எழுதுங்கள்.

நேரம் மிஞ்சினால் ஆயர் ஈத்தாமில் 1930-இல் முடிந்த கெக் லோக் சி கோபுரம். அடி சீனம், நடு சயாம், முடி பர்மா. மூன்றும் எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்று தூரத்திலிருந்தே பார்ப்பது நல்லது.

நோட்டில் எழுதும் முறை

ஒரு சிலைக்கு ஒரு பக்கம். மேலே தேதியும் இடமும்: "தெற்குப் பக்கம், இரண்டாம் தளம், இடமிருந்து மூன்றாவது." பிறகு குச்சி உருவம் ஒன்று. அழகாக வரைய வேண்டியதில்லை, கைகளின் எண்ணிக்கையும் எது எதைப் பிடித்திருக்கிறது என்பதும் சரியாக இருந்தால் போதும். "இடது", "வலது" என்று எழுதும்போது சிலையின் இடது வலதா, உங்கள் இடது வலதா என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். சக்கரம் கைமாறிப் போவதில் பாதி இந்தக் குழப்பத்தால்தான். கண்ணால் கண்டதைப் பென்சிலிலும், ஊகித்ததைக் கேள்விக்குறியோடும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அர்ச்சகரிடம் கேட்கலாம், ஆனால் பூசை நேரத்தில் வேண்டாம். நடை சாத்துவதற்குச் சற்று முன்னால் கேட்டால் நின்று பேசுவார்.

கோயிலில் அடுத்த குடமுழுக்குப் பேச்சு அடிபடத் தொடங்கினால், சாரம் கட்டுவதற்கு முன்பே ஒரு காலை போய், நான்கு பக்கத்தையும் தளம் தளமாகப் படம் எடுத்து, அந்த நோட்டோடு சேர்த்து வையுங்கள். சாரம் பிரித்த பிறகு அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் நின்று ஒப்பிட்டால், எந்த மான் ஆடானது என்று தெரிந்துவிடும்.